திறந்து கிடக்கும் பத்திரங்கள்

பழனிசெட்டிபட்டி மாதிரி ஊரில், கணினியில் தமிழ் அடித்துக் கொடுக்கும் கடைக்குப் பத்திர வேலை முக்கியமானது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் நஞ்சை ஒருபுறம், தேனி நகரம் விரிய விரிய பிளாட்டாகும் புஞ்சை ஒருபுறம். கிரையமோ பாகப்பிரிவினையோ, யாரும் முதல் வரியிலிருந்து புதிதாக அடிப்பதில்லை. பழைய பத்திரத்தின் கோப்பைத் திறந்து, பெயரையும் சர்வே எண்ணையும் மாற்றுவார்கள். அதனால் வேர்டில் ஐந்தாறு கோப்புகள் எப்போதும் திறந்தே கிடக்கும். அதைச் சுற்றி உலவும் சில நம்பிக்கைகளுக்கு விலை கொடுப்பவர் நிலம் வாங்குகிறவர்.

நிறையக் கோப்புகளைத் திறந்தால் சிஸ்டம் ஸ்லோவாகிவிடும் என்பது ஒன்று. நாலைந்து பக்க எழுத்துக் கோப்பு நினைவகத்தில் பிடிக்கும் இடம் சொற்பம். ஸ்கேன் செய்த பட்டாவையும் படங்களையும் ஒட்டிய கோப்புதான் கனம். அஞ்ச வேண்டியது வேறு. தனித்தனி விண்டோவாகத் தெரிந்தாலும், வேர்டில் திறந்த கோப்புகள் பெரும்பாலும் ஒரே நிரலுக்குள் ஓடுகின்றன. ஒன்று முடங்கினால் மற்றவையும் சேர்ந்து போகும்.

"அதுதான் தானே சேவ் ஆகிவிடுமே" என்பார்கள். ஆட்டோ ரெக்கவர் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை தற்காலிக நகல் எடுக்கிறது. கரண்ட் போனால் மீட்க உதவும். அது உங்கள் கோப்பைச் சேமிப்பதாகாது. அடிக்க அடிக்கத் தானே சேமிக்கும் ஆட்டோ சேவ், ஒன்டிரைவ் போன்ற இணையக் கிடங்கில் உள்ள கோப்புகளுக்குத்தான்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அடுத்த நம்பிக்கை: ரீப்ளேஸ் ஆல் கொடுத்துவிட்டால் பழைய பெயர் எல்லா இடத்திலும் மாறிவிடும். முதலில், அது முன்னால் இருக்கும் ஒரு கோப்பில் மட்டுமே வேலை செய்யும். திறந்திருக்கும் மற்றவற்றைத் தொடாது. அந்த ஒரு கோப்பிலும் தமிழ் இடம் கொடுக்காது. 'முருகன்' என்று தேடினால், யூனிகோடில் கடைசி எழுத்து னகரமும் புள்ளியுமாகச் சேர்ந்து நிற்கிறது. 'முருகனுக்கு', 'முருகனின்' ஆகியவற்றில் அந்தப் புள்ளி இல்லை. அதன் இடத்தில் உகரக் குறியோ இகரக் குறியோ இருக்கிறது. கணினிக்கு அவை வேறு சொற்கள். தலைப்பில் பெயர் மாறியிருக்கும், நடுவில் எங்கோ பழைய ஆள் தங்கியிருப்பார். 'முருக' என்று தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே வழி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு என்றால் யூனிகோடில் தேடும் பெயர் கிடைக்கவே கிடைக்காது. அங்கே கணினி வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளை, தமிழ் வடிவம் தருவது எழுத்துரு. அத்தகைய வரியை இன்னொரு கோப்பில் ஒட்டியதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்தால் வைரஸ் என்று பதற வேண்டாம். பழைய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் திரும்பிவிடும்.

அப்படிப் பழைய பெயர் தங்கியது பத்திரம் பதிவான பிறகு தெரிந்தால் பிழைதிருத்தல் பத்திரம் எழுத வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் மறுபடி சார்பதிவாளர் அலுவலகப் படி ஏற வேண்டும். விற்றவர் அதற்குள் காலமாகிவிட்டால் வாரிசுகளைத் தேட வேண்டும்.

பழைய கோப்பின் மேலேயே அடித்துவிட்டு, கடைசியில் வேறு பெயரில் சேவ் செய்துகொள்ளலாம் என்பதும் ஆபத்து. பாதியில் கை பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தும். முந்தைய வாடிக்கையாளரின் பத்திரம் அதோடு போச்சு. திறந்தவுடன் எஃப்12 அழுத்திப் புதுப் பெயர் கொடுத்த பிறகே முதல் எழுத்தைத் தொட வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்க முடியும் என்று மூலப் பத்திரத்தைப் பிரின்ட் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அடிப்பவர்களும் உண்டு. வேர்டு 97 வரை எல்லாம் ஒரே விண்டோவுக்குள் அடங்கியிருந்தன. 2000 பதிப்பிலிருந்து ஒவ்வொரு கோப்புக்கும் தனி விண்டோ. கன்ட்ரோலோடு எஃப்6 அழுத்தினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவலாம். வியூ பட்டியில் 'வியூ சைடு பை சைடு' கொடுத்தால் மூலப் பத்திரமும் புதியதும் அக்கம்பக்கமாக நிற்கும், சேர்ந்தே நகரும். சொத்து விவரம் வரும் பக்கத்தில் அப்படி நிறுத்தி, நிலம் வாங்குகிறவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். வடக்கே யார் வயல் என்பது அவருக்குத்தான் தெரியும்.