ஞாபக சக்தி மாத்திரைகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மூளைக்கு வலுவூட்டும், மறதியைத் தடுக்கும் என்று விற்கப்படும் வைட்டமின், மீன் எண்ணெய், மூலிகைச் சாறு மாத்திரைகளில் பெரும்பாலானவை சட்டப்படி மருந்துகள் அல்ல, துணை உணவுகள். புதிய மருந்து ஒன்று கடைக்கு வருமுன், அது நோயாளிகளிடம் வேலை செய்கிறது என்று சோதித்துக் காட்டியாக வேண்டும். துணை உணவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வழியைத் திறந்துவிட்டது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016-ஆம் ஆண்டு விதிகள், இத்தகைய துணை உணவுகளின் பெட்டிகளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்கின்றன. வாங்குபவர் முதலில் தேடிப் படிக்க வேண்டிய வரி அதுதான்.

நம்பிக்கை: ஜின்கோ மரத்தின் இலைச்சாறு மூளைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, மறதிநோயைத் தடுக்கும்.

இந்த வகைப் பொருள்களில் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டவற்றில் ஒன்று ஜின்கோ. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 120 மில்லிகிராம் ஜின்கோ சாறு தினமும் இரு வேளை தரப்பட்டது. மற்ற குழுவுக்குப் பார்வைக்கு அதேபோல் இருந்த வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது உட்கொண்டவருக்கும் தெரியாது, பரிசோதித்த மருத்துவருக்கும் தெரியாது. ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்து, 2008-இல் முடிவு வெளியானது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 246 பேருக்கு மறதிநோய் வந்திருந்தது. ஜின்கோ எடுத்தவர்களில் 277 பேருக்கு. அந்தச் சிறு வேறுபாடு தற்செயலாக வரக்கூடியதே. ஜின்கோ தீங்கு செய்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தடுக்கவில்லை என்பது மட்டும் ஐயமின்றித் தெரிந்தது. பிரான்சில் 2,800-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் ஐந்து ஆண்டுகள் நடந்து 2012-இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது.

வெற்று மாத்திரைக் குழு எதற்கு என்ற கேள்வி எழலாம். ஞாபகத் தேர்வை இரண்டாம் முறை எழுதுபவர் எந்த மாத்திரையும் இல்லாமலே கூடுதல் மதிப்பெண் வாங்குவார், தேர்வு பழகிவிடுவதால். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை தனக்கு உதவுகிறது என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். ஒப்பிட இன்னொரு குழு இல்லாத ஆய்வில் இந்த இரண்டும் மாத்திரையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும்.

நம்பிக்கை: ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று அச்சிட்டிருந்தால் போதும்.

ஜெல்லி மீன் ஒன்றில் கண்டறியப்பட்ட புரதத்தைக் கொண்டு தயாரித்த ‘பிரெவாஜென்’ அமெரிக்காவில் பெரும் விளம்பரத்துடன் விற்றது. நிறுவனமே நடத்திய ஆய்வில் 218 பேர் இருந்தனர். மொத்தமாகப் பார்த்தபோது, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட பிரெவாஜென் எடுத்தவர்கள் மேம்படவில்லை. அதன்பின் பங்கேற்றவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்துப் பல ஒப்பீடுகள் செய்யப்பட்டன. சாதகமாக வந்த சில, விளம்பரத்துக்குப் போயின. இருபது விதமாக ஒப்பிட்டால், மருந்தே இல்லாமல்கூட ஒன்றில் தற்செயலாக ‘பலன்’ தெரியக்கூடும் என்பது புள்ளியியலின் பாலபாடம். அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் நியூயார்க் மாநில அரசும் 2017-இல் வழக்குத் தொடுத்தன. ஞாபகத்தைக் கூட்டும் என்ற விளம்பரங்களை நிறுத்தும்படி 2024-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஏழு ஆண்டுகள் ஆனது. அதுவரை மறதிக்கு அஞ்சிய முதியவர்கள் அந்த மாத்திரையை நம்பி வாங்கினர்.

நம்பிக்கை: மீன் எண்ணெயும் வைட்டமின் ஈ-யும் மூளை தேய்வதைத் தடுக்கும்.

மீன் உண்பவர்களுக்கு மறதிநோய் குறைவாக வருவதைக் கணக்கெடுப்புகள் காட்டியது உண்மை. ஆனால் மீன் உண்பவரின் வருமானம், படிப்பு, நடைப்பயிற்சி, மற்ற உணவு என எல்லாமே வேறுபடலாம். எண்ணெயை மட்டும் பிரித்து மாத்திரையாக, சுமார் 3,500 அமெரிக்க முதியவர்களுக்கு ஐந்தாண்டு கொடுத்துப் பார்த்ததில் (2015) மனத்திறனில் பலன் இல்லை. வைட்டமின் ஈ-யும் நலமாக இருப்பவர்களிடம் மறதிநோயைத் தடுக்கவில்லை. ஏற்கெனவே அல்சைமர் என்னும் மறதிநோய் வந்த முன்னாள் படைவீரர்கள் 613 பேரிடம், அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் குறைவதை மிக உயர்ந்த அளவு வைட்டமின் ஈ சற்றுத் தாமதப்படுத்தியது என்று 2014-இல் ஓர் ஆய்வு சொன்னது. அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்த சிகிச்சை. நலமான ஒருவர் கடையில் வாங்கி விழுங்குவதற்கு அதில் நியாயம் எதுவும் கிடையாது.

நம்பிக்கை: வல்லாரை ஞாபக சக்தியைக் கூட்டும்.

தமிழ் வீடுகளில் தேர்வுக் காலத்து வல்லாரைத் துவையலுக்கும் யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலுக்கும் நெடுங்காலப் பழக்கம் உண்டு. கடையில் ‘பிராமி’ என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகள் விற்கப்படுகின்றன: வல்லாரை ஒன்று, நீர்ப்பிரமி இன்னொன்று. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள். ஒன்றின் ஆய்வை மற்றதன் பெட்டியில் அச்சிடுவது தவறு. வல்லாரைச் சாறு பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஞாபகத்தில் உறுதியான முன்னேற்றம் தெரியவில்லை. நீர்ப்பிரமியை நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற அளவில் பன்னிரண்டு வாரம் போன்ற குறுகிய காலத்துக்குக் கொடுத்த சில சிறிய ஆய்வுகளில், கவனத்தின் வேகம் ஓரளவு கூடியது. மேலும் சோதிக்கத் தகுந்த மூலிகை அது. மறதிநோயைத் தடுக்கும் என்று சொல்வதற்கு அந்த ஆய்வுகளின் அளவும் காலமும் போதாது. வல்லாரைக் கீரையை உணவாக உண்பதை நிறுத்த வேண்டிய தேவை எதுவும் இல்லை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பதற்கும் சான்று கிடையாது. அது நார்ச்சத்து மிக்க நல்ல காய், அவ்வளவே.

மஞ்சளுக்கு வேறொரு கதை சொல்லப்படுகிறது. ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் அல்சைமர் குறைவு என்று ஓர் ஆய்வு கண்டதை, மஞ்சள் உண்பதால்தான் என்று பலர் எழுதிவிட்டனர். அந்த ஆய்வு மஞ்சளைச் சோதித்தது அல்ல. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே சேர்கிறது.

நம்பிக்கை: வைட்டமின் பி மாத்திரை எல்லாருக்கும் ஞாபகத்தைக் கூட்டும்.

இங்கே உண்மை இரண்டாகப் பிரிகிறது. பி12 குறைபாடு இருப்பவருக்கு மறதி, குழப்பம், கால் மரத்துப்போதல், நடையில் தள்ளாட்டம் வரலாம். சரியான காலத்தில் ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பெரும்பாலும் சீராகும். தாமதித்தால் நரம்புச் சேதம் நிலைத்துவிடக்கூடும். பி12 செடிகளில் கிடைப்பதில்லை. சைவ உணவினர், நீரிழிவுக்காக நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்குபவர்கள், முதியவர்கள் ஆகியோருக்குக் குறைபாடு வரும் வாய்ப்பு அதிகம். ரத்தப் பரிசோதனை ஒன்றே இதைக் காட்டிவிடும். குறைபாட்டைக் கண்டறிந்து சரிசெய்வதில்தான் இந்த வகை மாத்திரைகளுக்கு உண்மையான வேலை இருக்கிறது. நெதர்லாந்தில் சுமார் 2,900 முதியவர்களிடம் பி12-ஐயும் ஃபோலிக் அமிலத்தையும் இரண்டாண்டு கொடுத்துப் பார்த்ததில் மனத்திறனில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. பல வைட்டமின்கள் கலந்த மாத்திரைக்குச் சான்றுகள் முரண்படுகின்றன: கிட்டத்தட்ட 6,000 ஆண் மருத்துவர்களிடம் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில் பலன் இல்லை, 2022 முதல் வெளியான மூன்று ஆய்வுகளில் சிறு நன்மை தெரிந்தது. மறதிநோயைத் தடுக்கும் என்று அவற்றில் எதுவும் காட்டவில்லை.

நம்பிக்கை: பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவருக்கு ஜின்கோவும் அதிக அளவு வைட்டமின் ஈ-யும் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். நலமான ஆண்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் வைட்டமின் ஈ, புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயை 17 விழுக்காடு கூட்டியது. பி6 மிகுந்தால் நரம்பு சேதமாகும். அமெரிக்காவில் சில ‘மூளை’ மாத்திரைகளில் அங்கீகாரம் பெறாத மருந்துப் பொருள்கள் கலந்திருந்ததும் கண்டறியப்பட்டது. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கெடுதல் காலம் வீணாவது. தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், பி12 குறைபாடு ஆகியவற்றால் வரும் மறதிக்கு மருத்துவம் உண்டு. மாத்திரைப் புட்டிகள் மாறி மாறிக் காலியாகும் மாதங்களில் அந்த வாய்ப்பு நழுவிப்போகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மறதிநோயைத் தடுக்க வைட்டமின் பி, ஈ, ஒமேகா-3, கூட்டு மாத்திரைகள் எதையும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. மறதிநோய்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு, மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையவை என்று 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணித்தது: உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு, புகை, மது, கேளாமை, பார்வைக் குறைவு, உடற்பயிற்சியின்மை, தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். வீட்டில் ஒருவருக்கு மறதி தொடங்கினால், ஞாபக மாத்திரை வாங்குமுன் மருத்துவரிடம் அழைத்துச்சென்று ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காது மந்தமாக இருந்தால் செவிக்கருவிக்கே அந்தப் பணம் போகட்டும்.