கருவேலம் நெற்றும் சுங்குடிக் கறுப்பும்

அன்புள்ள தங்கைக்கு,

சுங்குடிச் சேலைக்கு இயற்கைச் சாயம் போட இறங்கியிருக்கிறாய். கறுப்புக்குக் கருவேலம் நெற்றை நம்பலாம். ஆனால் சாயத்தொட்டிக்கு முன்னால் மரத்தைத் தெரிந்துகொள். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் முள் கண்ட மரத்தையெல்லாம் கருவேலம் என்றுவிடுகிறார்கள்.

நாட்டுக் கருவேலத்தின் நெற்று விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்த மணிமாலை போலத் தொங்கும். சீமைக் கருவேலத்தின் காய் அப்படி இடுங்காது; பழுத்தால் மஞ்சளாகி இனிக்கும். பூவும் வேறு: முன்னதற்கு உருண்டை, பின்னதற்கு நீண்ட கதிர். 2017 தொடக்கத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலம் மும்முரமாக அகற்றப்பட்டது. அந்த மாதிரி நேரத்தில் நாட்டு மரமும் சேர்ந்து வெட்டுப்படாதிருக்க, நெற்றைப் பார்த்து மரத்தைச் சொல்லத் தெரிந்தவர் கண்மாய்க்கரையில் இருந்தே ஆக வேண்டும்.

மாதக்கணக்கில் வேரடியில் தண்ணீர் நின்றாலும் தாங்குவதால் கண்மாய்களுக்குள்ளேயே வளர்க்கப்பட்ட மரம் நாட்டுக் கருவேலம். கட்டை கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும், பட்டை தோல் பதனிடவும் போனது. உச்சிவெயிலில் ஆடும் ஆட்டுக்காரரும் ஒதுங்குவது இதன் நிழலில். புல் கருகிய கோடையில் ஆட்டுக்குத் தீனி இதன் நெற்று. அதனால் துரட்டி போட்டு மொத்தத்தையும் உலுக்கி வராதே. அவரிடம் கேட்டு, அவருக்குப் போக மிஞ்சுவதை எடு.

நெற்றை இடித்து, ஓர் இரவு ஊறவைத்து, கொதிக்கவிட்டு வடிகட்டு. அதிலுள்ள துவர்ப்புச் சத்து படிகாரத்தோடு சேர்ந்தால் பழுப்பு. இரும்போடு சேர்ந்தால் கறுப்பை நோக்கிப் போகும். ஆகவே இரும்புச் சட்டியில் காய்ச்சாதே, கேட்காத நிறம் வந்து நிற்கும். எவர்சில்வர் அண்டா போதும். கறுப்புக்கு, இரும்பு உப்பான அன்னபேதியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டு. கறுப்பு போதவில்லை என்று அள்ளிப் போட்டால் பருத்தி நூல் நாளடைவில் இற்றுவிடும். முக்கி எடு, காற்றில் விரி, மறுபடி முக்கு. பொறுமைதான் இங்கே சிக்கனம்.

சௌராஷ்டிரர்கள் மதுரையில் கைமுடிச்சால் வளர்த்த கலை சுங்குடி. 2005-இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனாலும் இன்று அந்தப் பெயரில் விற்பதில் பெரும்பகுதி அச்சு வேலை. உன் சேலையில் இருப்பதோ ஒருவர் விரல் நோக முடிந்த முடிச்சுகள். சாயம் வடிவது நிற்கும்வரை அலசாமல் ஒரு முடிச்சையும் அவிழ்க்காதே. முடிச்சுக்குள் சாயம் படாமல் நிற்கும் வெள்ளைப் புள்ளி கலங்கினால் அவர் உழைப்பு முழுதும் வீண்.

கண்மாய்க்குக் கண்மாய் நெற்று தரும் நிறம் கொஞ்சம் மாறும். முழுச் சேலையைத் தொடும் முன் கைக்குட்டை அளவுத் துணியில் போட்டுப் பார். எந்த ஊர் நெற்று, எந்த மாதம் எடுத்தது, எத்தனை முறை முக்கியது என்று எழுதி, அந்தத் துண்டையும் நோட்டில் ஒட்டிவை.

அன்புடன்,
அண்ணன்