கடைக்கு முன்னால் ஐந்தடி

வெளியூர் போனால் அந்த ஊர்க் கடைவீதியை நடந்து பார்ப்பது நமது நெடுநாள் வழக்கம். சென்ற ஆண்டு சிங்கப்பூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோதும் ஒரு பிற்பகல் சிராங்கூன் சாலைப் பக்கம் நடக்கக் கிளம்பினோம். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. கையில் குடை இல்லை. ஆனாலும் கடைக்குக் கடை நகர்ந்து, தெருக்கோடி வரை நனையாமல் போய்ச் சேர்ந்தோம்.

காரணம், அந்தப் பழைய கடைவீடுகளின் அமைப்பு. கீழே கடை, மேலே குடியிருப்பு. மாடி முன்னே நீண்டு தூண்கள் மேல் நிற்கிறது. தூணுக்கும் கடை வாசலுக்கும் நடுவே ஒரு நடைவழி, கடை தவறாமல் தொடர்ந்து ஓடுகிறது. அங்குள்ள நம்மவர்கள் இதை 'அஞ்சடி' என்கிறார்கள்.

கட்டடமும் கண்ணுக்கு விருந்து. முகப்பு குறுகல், உள்ளே நல்ல நீளம். காற்றும் வெளிச்சமும் இறங்க, நம் ஊர் முற்றம்போல் நடுவில் திறந்தவெளி. மாடியில் மரச்சட்ட ஜன்னல்கள், சுவரில் சுதை வேலைப்பாடு, சில முகப்புகளில் பூப்போட்ட பீங்கான் ஓடுகள்.

இந்த நடைவழி தானாக வந்ததல்ல. 1822-இல் ராபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்குத் தந்த உத்தரவில், ஒவ்வொரு வீட்டின் முன்னும் எப்போதும் திறந்திருக்கும் தாழ்வாரம் வேண்டும் என்றார். நாளடைவில் கடைக்காரர்கள் அதில் சரக்கை அடுக்கினார்கள். 1888 பிப்ரவரியில் நகராட்சி அதை அகற்ற முனைந்தபோது கடையடைப்பு நடந்தது, கலவரமும் மூண்டது. நடப்பவருக்கு வழி விட்டுச் சரக்கு வைக்கலாம் என்ற சமரசத்தில்தான் அது அடங்கியது. 1989-இல் இந்த வட்டாரம் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

இதில் நமக்குள்ள பாடங்கள் மூன்று.

1. நிழலுக்கும் மழைக்கும் ஒதுங்குபவர் சும்மா நிற்பதில்லை, சரக்கைப் பார்க்கிறார். அன்று நாமே நினையாத இரண்டு பொருள்களை வாங்கினோம்.

2. வழி என்பது வீதி முழுவதற்கும் பொது. ஒரே கடை அடைத்தாலும் வாடிக்கையாளர் சாலையில் இறங்கிவிடுவார். அடுத்த நாலு கடைக்கும் நஷ்டம்.

3. நம் ஊர்ப் பழைய கடைகளிலும் திண்ணையும் மரத்தூணும் உண்டு. பலவற்றை விளம்பரப் பலகை மறைத்திருக்கிறது. இடிக்குமுன் பலகையைக் கழற்றி ஒருமுறை பாருங்கள்.

ஊருக்குச் சொல்லுமுன் நம் குறையையும் சொல்லவேண்டும். நம் மண்டி வாசலில் பல ஆண்டுகளாக வெல்ல மூட்டையும் எண்ணெய் டின்னும் நடைபாதையில்தான் இருந்தன. ஒருநாள் ஒரு மூதாட்டி டின் தடுக்கி விழுந்தார். பழைய வாடிக்கை. அதன்பின் அவர் வரவேயில்லை. நாம் போய் விசாரிக்கவும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மறுநாள் எல்லாவற்றையும் உள்ளே ஏற்றினோம். இடம் நெருக்கடிதான், வியாபாரம் குறையவில்லை.

நாளைக் காலை கடை திறக்குமுன் எதிர்ப்புறம் நின்று உங்கள் வாசலை ஒரு நிமிடம் பாருங்கள். ஒரு வயதானவர் நிம்மதியாக நடந்துபோக வழி இருக்கிறதா?