மரப்பாச்சிக்குப் பழந்துணி ஆடை

நவராத்திரிக் கொலுவில் வைக்கும் மரப்பாச்சிப் பொம்மைகளை நாம் எல்லோரும் அறிவோம். செம்மரத்தில் செதுக்கிய ஆண், பெண் இணை அது. அதற்கு ஆண்டுதோறும் ஆடை உடுத்துவது வழக்கம். கடையில் தைத்த ஆடை கிடைக்குமாயினும், வீட்டுப் பழந்துணியில் தைப்பதையே பலர் விரும்புகின்றனர். பாட்டி உடுத்திய புடவை பேத்தியின் கொலுவில் விளங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவ்வாசை பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிவது ஏன்? அதனை இங்கே ஆராய்வோம்.

தாணேயில் எங்கள் வீட்டில் உள்ள இணை 8 அங்குல உயரம். அதற்கு மூன்று துணிகளில் ஆடை தைத்துப் பார்த்தேன். பாட்டியின் பட்டுப்புடவைத் துண்டு மடிப்புக் கோட்டிலேயே கிழிந்தது. பழைய சட்டைத் துணியில் தைத்த பாவாடை குடைபோல் விரிந்து நின்றது. மும்பையில் ‘சிந்தி’ எனப்படும் தையற்கடை வெட்டுத்துணியோ ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்தது. தையல் நேராகத்தான் இருந்தது, ஆடைதான் அமையவில்லை.

முதற்காரணம் அளவு. 64 அங்குல உயரமுள்ள பெண்ணோடு ஒப்பிட்டால் பொம்மை எட்டில் ஒரு பங்கு. ஆடையின் நீள அகலத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கலாம். நூலின் பருமனைக் குறைக்க இயலாது. தையலுக்கு விடும் அரை அங்குலத் துணி, பொம்மைக்கு நான்கு அங்குலம் விட்டதற்கு ஒப்பாகும். உருவம் மாறும்போது பொருளின் இயல்பும் அதே விகிதத்தில் மாறுவதில்லை என்று கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார்.

இரண்டாவது காரணம் துணியின் விறைப்பு. துணி தன் எடையால் தொங்குகிறது. விறைப்பு அதைத் தடுக்கிறது. முழப் பாவாடையில் எடை வெல்லும். நான்கு அங்குலப் பாவாடையில் விறைப்பு வெல்லும். இவ்வியல்பை அளக்கும் முறையை பியர்ஸ் என்னும் அறிஞர் 1930-இல் வகுத்தார். துணிக்கீற்று ஒன்றை மேடையின் விளிம்பிற்கு அப்பால் மெல்லத் தள்ளி, எவ்வளவு நீண்டதும் அது குறிப்பிட்ட சாய்வுக்கு வளைகிறது என்று பார்ப்பதே அம்முறை.

மூன்றாவது காரணம் முதுமை. வெளிச்சமும் வியர்வையும் பட்டு இழையை நலிவிக்கின்றன. பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் வைத்த புடவை அம்மடிப்பிலேயே முதலில் விடும். வெட்டுத்துணி பிரிவதன் காரணமோ வேறு: சிறு துண்டில் பாவையும் ஊடையையும் பிணைத்து நிறுத்தப் போதிய இழைகள் இல்லை. துணியை மூலைவாட்டில் வெட்டினால் பிசிறு குறையும்.

இனிச் செய்யத்தக்கவை மூன்று. பலமுறை துவைத்து மெலிந்த மல் வேட்டியைத் தேர்ந்தெடுங்கள். அதன் விறைப்பு குறைவு. எந்தத் துணியையும் ஓர் அங்குல அகலக் கீற்றாக மேசை விளிம்பில் நீட்டிப் பாருங்கள். இரண்டு அங்குலம் நீட்டியும் வளையாத துணி பொம்மைக்கு ஆகாது. தைப்பதைக் குறைத்துச் சுற்றிக் கட்டுங்கள்.

பாட்டியின் புடவையை வெட்டவே வேண்டாம். அதை மடிப்பு மாற்றி, கொலுப்படியின் மேல் விரித்து வையுங்கள். வெட்டிய புடவை மீண்டும் புடவையாகாது. விரித்த புடவையோ அடுத்த ஆண்டும் நமக்கு இருக்கும்.