அலுவலகக் கணிப்பொறிக் கொள்முதல்: விலைக்கு அப்பாற்பட்ட கணக்கு

ஓர் அலுவலகத்திற்கு 50 கணிப்பொறிகள் தேவைப்படுகின்றன எனக் கொள்வோம். ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்படுகின்றன, குறைந்த விலை குறித்தவரிடம் பொருள் வாங்கப்படுகிறது, கோப்பு முடிகிறது. சில ஆண்டுகள் சென்றபின் அதே 50 பெட்டிகளும் பழையன எனக் கழிக்கப்பட்டு ஏலத்திற்குப் போகின்றன. பண விஷயத்தில் இம்முறையில் குற்றம் காண்பதற்கில்லை. ஆயினும், அக்கணிப்பொறிகள் உருவாவதற்குச் செலவான நீரும் எரிபொருளும், கழிக்கப்பட்டபின் அவை சென்று சேரும் இடமும் கோப்பின் எப்பக்கத்திலும் இடம் பெறுவதில்லை. அவற்றையும் கருதி வாங்குவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

கணிப்பொறியின் வாழ்வைத் தயாரிப்பு, உபயோகம், கழிவு என மூன்று பருவங்களாகப் பிரித்து ஆராய்தல் எளிது.

தயாரிப்புப் பருவம்

கண்ணாடிக் குழல் திரையுடன் கூடிய மேசைக் கணிப்பொறி ஒன்றைச் செய்து முடிக்க எவ்வளவு பொருள் செலவாகிறது என்பதை ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கிட்டனர். எரிபொருள் 240 கிலோகிராம், இரசாயனப் பொருள்கள் 22 கிலோகிராம், நீர் 1,500 கிலோகிராம் எனத் தெரிய வந்தது. மோட்டார் வண்டியோ குளிர்பதனப் பெட்டியோ செய்வதற்கு அதன் எடையைப்போல் ஒன்று அல்லது இரண்டு மடங்கு எரிபொருள் போதும். கணிப்பொறிக்கோ ஏறத்தாழப் பத்து மடங்கு வேண்டும். இதற்குக் காரணம் அதனுள் இருக்கும் சிலிக்கன் சில்லுகளே. இவற்றைச் செய்கையில் தூசியற்ற அறைகளும், மிகத் தூய நீரால் மீண்டும் மீண்டும் கழுவுதலும், மிகுந்த வெப்பமும் இன்றியமையாதவை.

இன்று நாம் வாங்கும் மெல்லிய திரைகளும் மடிக்கணிப்பொறிகளும் வேறு வகையின. ஆனால் அடிப்படை மாறவில்லை. மடிக்கணிப்பொறியைப் பொறுத்தவரை, அதன் வாழ்நாள் முழுவதிலும் உண்டாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி அது நம் மேசைக்கு வருமுன்பே உண்டாகிவிடுகிறது.

ஒரு கணக்கு

மடிக்கணிப்பொறி ஒன்றின் தயாரிப்பில் 300 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுவதாக வைத்துக்கொள்வோம். அது 30 வாட் மின்சாரத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 250 நாள்கள் இயங்கட்டும். மொத்தம் 2,000 மணி நேரம். செலவாகும் மின்சாரம் 60 யூனிட். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சார உற்பத்திக்குச் சராசரி 0.7 கிலோகிராம் அளவில் கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே ஓர் ஆண்டு உபயோகத்தின் சுமை 42 கிலோகிராம்.

இதனை மூன்றாண்டில் கழித்தால், தயாரிப்புச் சுமை ஆண்டுக்கு 100 கிலோகிராம். உபயோகத்தையும் சேர்த்து 142. ஆறாண்டு வைத்திருந்தால் தயாரிப்புச் சுமை ஆண்டுக்கு 50 ஆகக் குறையும், மொத்தம் 92. ஒரு பொறிக்கு ஆண்டுதோறும் 50 கிலோகிராம் மிச்சம். 50 பொறிகளுக்கு 2,500 கிலோகிராம்.

“புதிய மாதிரி மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடுமே; மாற்றினால் லாபமன்றோ?” என்று சிலர் வினவலாம். புதியது ஐந்தில் ஒரு பங்கு குறைவாகச் செலவிடுவதாகவே கொள்வோம். ஆண்டுக்கு மிச்சமாவது 12 யூனிட், அதாவது 8.4 கிலோகிராம். அதன் தயாரிப்புச் சுமையான 300 கிலோகிராமை ஈடுசெய்ய 35 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! அவ்வளவு காலம் எந்தக் கணிப்பொறியும் உழைப்பதில்லை.

எனினும் பழையதை வைத்திருப்பதே எப்போதும் நன்று எனக் கருதலாகாது. திரையுடன் சேர்ந்து 150 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணிப்பொறியை 30 வாட் மடிக்கணிப்பொறியால் மாற்றினால், ஆண்டுக்கு 240 யூனிட்டும் 168 கிலோகிராம் கரியமில வாயுவும் மிச்சமாகும். இங்கே தயாரிப்புச் சுமை இரண்டாண்டுக்குள் ஈடாகிவிடும். ஆகவே, கணக்கிட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

கழிவுப் பருவம்

உலகில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்துச் சுத்திகரிக்கப்பட்டதாகப் பதிவாகியுள்ளது.

எஞ்சியதன் கதியை அறிய நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் நகரம் பித்தளை வேலைப்பாட்டிற்குப் பெயர் பெற்றது. பின்னாளில் அங்கே கணிப்பொறிகளின் சுற்றுப்பலகைகளை எரித்தும் திராவகத்தில் ஊறவைத்தும் செம்பும் பிற உலோகங்களும் எடுக்கும் தொழில் பரவிற்று. எரித்த கருஞ்சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் கொட்டப்பட்டது. தில்லியின் சீலம்பூரிலும் இவ்வாறே பழைய சாதனங்கள் கையால் உடைத்துப் பிரிக்கப்படுகின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்; காட்மியம் சிறுநீரகத்தைத் தாக்கும்; செம்புக் கம்பியின் மேலுறையை எரிக்கும்போது எழும் புகை நச்சுடையது. இத்தொழிலில் ஈடுபடுவோர் வேறு பிழைப்பின்றி வந்த ஏழை மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அலுவலக ஏலத்தின் குறை இங்கே புலனாகும். புகை வடிகட்டி, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றுக்குச் செலவிடுபவர் அதிக விலை கேட்க இயலாது. அச்செலவு எதுவுமில்லாதவரே மிக உயர்ந்த விலை தர வல்லவர். அதிக விலைக்கு விற்றோம் என நாம் மகிழும் தொகையின் ஒரு பகுதி, பிறர் உடல்நலத்தை விற்ற தொகையே ஆகும்.

சட்டம் கூறுவது

மின்னணுக் கழிவு (மேலாண்மை) விதிகள், 2022 என்பவை 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளன. அட்டவணையில் கண்ட சாதனங்களில் ஆயிரமோ அதற்கு மேலோ ஒரு நிதியாண்டில் உபயோகிக்கும் நிறுவனம் ‘பெருநுகர்வோர்’ எனப்படும். பெருநுகர்வோர் தம் கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடமே ஒப்படைத்தல் வேண்டும். ஈயம், பாதரசம் முதலியவை ஒரு பொருளின் எடையில் 0.1 சதவீதத்திற்கும், காட்மியம் 0.01 சதவீதத்திற்கும் மிகலாகாது என்றும் இவ்விதிகள் வரையறுக்கின்றன. சிறிய அலுவலகங்களும் பள்ளிகளும் இந்நெறியைத் தாமே மேற்கொள்வது நலம்.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. புதியது தேவைதானா? வேகம் குறைந்த பொறிக்கு நினைவகத்தைக் கூட்டுவதாலும், சுழலும் தட்டுக்குப் பதிலாகத் திடநிலைச் சேமிப்பகம் பொருத்துவதாலும் பல ஆண்டுகள் உழைப்புக் கிடைக்கும்.

2. வேலைக்கு ஏற்ற பொறியா? கடிதம் தட்டச்சு செய்யவும் பட்டியல் தயாரிக்கவும் மிகுந்த ஆற்றலுடைய பொறி வேண்டுவதில்லை.

3. முத்திரை உண்டா? 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய எனர்ஜி ஸ்டார் முத்திரை மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பது. ஸ்வீடனின் டி.சி.ஓ., 2006-இல் தோன்றிய ஈபீட் ஆகியவை மூலப்பொருள், பழுதுநீக்கம், கழிவு ஆகியவற்றையும் கருதுபவை.

4. பழுது நீக்க இயலுமா? மின்கலம், நினைவகம், விசைப்பலகை ஆகியவற்றைச் சாதாரணக் கருவிகளால் கழற்ற முடிதல் வேண்டும். உதிரிப் பாகங்களும் உத்தரவாதமும் ஐந்தாண்டுக்குக் கிடைக்குமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவித்தல் வேண்டும்.

5. முடிவில் யார் திரும்பப் பெறுவார்? பழைய பொருளைக் கொடுத்துப் புதியதைப் பெறுவதற்கு 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள் இடமளிக்கின்றன. அவ்வாறு பெறுபவர் அதனைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பித்ததற்குச் சான்று தரவேண்டும் என நிபந்தனை விதிக்கலாம்.

பள்ளிகளும் பழைய பொறிகளும்

விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றது. அடுத்த பதிப்பு சில புதிய பாதுகாப்பு உறுப்புகளைக் கோருவதால், நன்கு இயங்கும் பொறிகள் பலவும் பழையன என ஒதுக்கப்பட்டன. லினக்ஸ் போன்ற கட்டற்ற முறைமைகளை இவற்றில் நிறுவலாம். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ அத்தகையது. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே பாடம் நடத்தி வருகின்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இயங்காத பொறிகளைப் பள்ளிக்கு ‘நன்கொடை’ அளிப்பது தானமாகாது. குப்பையை இடம் மாற்றுவதே. இயக்கிப் பார்த்து, முந்தைய அலுவலகத்தின் தகவல்கள் முற்றும் அழிக்கப்பட்டனவா எனச் சோதித்த பின்னரே ஏற்றல் வேண்டும்.

பயிற்சி

ஆசிரியர்கள் கீழ்க்கண்டவற்றை மாணவர்க்கு அளிக்கலாம். கள ஊழியர்கள் தம் அலுவலகத்திலேயே செய்து பார்க்கலாம்.

(அ) உங்கள் நிலையத்திலுள்ள கணிப்பொறிகளின் எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, வாட் அளவு ஆகியவற்றைப் பட்டியலிடுக.

(ஆ) மேலே காட்டிய முறையில் ஒவ்வொன்றின் ஓராண்டு மின்சாரச் செலவைக் கணக்கிடுக. இரவிலும் நிறுத்தப்படாதவை எத்தனை?

(இ) கடைசியாகக் கழிக்கப்பட்ட பொறி எங்கே போயிற்று என வினவுக.

மூன்றாம் வினாவுக்கு விடை கூறுவார் பெரும்பாலும் கிடையார். அவ்விடையை அடுத்த கொள்முதல் கோப்பின் முதற்பக்கத்திலேயே எழுதச் செய்வது நம் கடமையாகும்.