எந்த எடையால் வகுத்தார்கள்?

மல்டிபிள் மைலோமா நோயாளிக்கு அவருடைய ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் பிரித்தெடுக்கும் நாளில், மெஷினை நிறுத்திய பிறகு லேபிலிருந்து ஓர் எண் வரும்: கிலோவுக்கு இத்தனை லட்சம் சிடி34 செல், அதாவது ஸ்டெம் செல். போதுமா, நாளைக்கும் உட்கார வேண்டுமா என்பது அந்த எண்ணைப் பொறுத்தது. வீட்டார் முதலில் கேட்க வேண்டியது, எந்த எடையால் வகுத்தீர்கள் என்று.

ஐந்தடி ஆறங்குல உயரமும் 95 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண். பையில் 25 கோடியே 60 லட்சம் செல். தராசு காட்டும் எடையால் வகுத்தால் கிலோவுக்கு 27 லட்சம். உயரத்தை வைத்துக் கணக்கிடும் உகந்த எடை அவருக்கு 64 கிலோ. அதன்படி 40 லட்சம். உகந்த எடையோடு மிகுதி எடையில் கால் பங்கை மட்டும் சேர்த்தால் 72 கிலோ. அதன்படி முப்பத்தைந்தரை லட்சம். பை ஒன்றுதான்.

20 லட்சத்துக்குக் கீழே பொதுவாக இறங்கமாட்டார்கள். 40, 50 லட்சம் இருந்தால் தட்டணுக்கள் சீக்கிரம் ஏறும். செல்கள் போய்க் குடியேறுவது எலும்பு மஜ்ஜையில். உடம்பில் கொழுப்பு கூடும் அளவுக்கு மஜ்ஜை கூடுவதில்லை. ஆகவே பருமனானவருக்கு உகந்த எடைக் கணக்கே பொருத்தம் என்பது என் கருத்து. தராசு எடையில் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டதா என்று மட்டும் கூடவே பார்த்துக்கொள்ளலாம். மெலிந்தவருக்கோ தராசு எடைதான், அதுவும் அண்மையில் நிறுத்தது.

இவ்வளவு யோசிக்கக் காரணம், இன்னொரு நாள் சும்மா வருவதில்லை. செல்களை ரத்தத்துக்கு வரவழைக்கப் போடும் ஊசியால் இடுப்பெலும்பு குடையும். மெஷினில் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தை இறக்கி, உதட்டைச் சுற்றி மரமரக்க வைக்கும். பைகள் கூடினால் உறையவைக்கச் சேர்க்கும் மருந்தும் கூடும்; செல்லை ஏற்றும்போது அறையெங்கும் பூண்டு வாடை அடிப்பது அதனால்தான், குமட்டலும் அதனால்தான். பின்னாளில் இரண்டாவது ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும் தேவைப்படலாம் என்று டாக்டர் சொன்னால் மட்டும் அந்த நாளைத் தயங்காமல் கொடுங்கள்.

வேறொருவர் தரும் செல் என்றால் இரண்டு எடைகள். தேவையை நோயாளியின் எடை சொல்லும். மஜ்ஜை எடுப்பதானால், கொடுப்பவரின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிக்கு மேல் எடுக்கமாட்டார்கள். 45 கிலோ தங்கை 90 கிலோ அண்ணனுக்குத் தருவதானால் ரத்தவழிச் சேகரிப்பே எளிது. ஆனால் அதற்கும் விலை உண்டு. உறவில்லாத கொடையாளர்களைக் கொண்டு நடந்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2012இல் வந்தது. கொடை செல் உடலைத் தாக்கும் நாள்பட்ட நோய் ரத்தவழியில் 53 சதவீதம், மஜ்ஜையில் 41; உயிர் பிழைத்தவர்கள் விகிதத்தில் வித்தியாசமில்லை. பொருந்தும் மஜ்ஜை போதிய அளவு கிடைக்குமானால், அதையும் டாக்டரிடம் பேசிப் பாருங்கள்.

தொப்புள்கொடி ரத்தத்தில் எடைதான் பெரிய தடை. 1988இல் பாரிசில் முதன்முதலாக அதைப் பெற்றது ஒரு சிறுவன். பெரியவர்களுக்கு ஒரு பை பெரும்பாலும் எட்டாது. இரண்டு பைகளைச் சேர்ப்பார்கள், அல்லது பாதி பொருந்தும் உறவினரைத் தேடுவார்கள்.