ஒரு வேலைக்கு ஆகும் பொதுச் செலவு

ஒரு பிரதேசத்தில் தொழிற்சாலை ஏற்பட்டால் ஜனங்களுக்கு வேலை கிடைக்கும் என்று கருதி, சர்க்கார் நிலத்தைச் சகாயமாகக் கொடுப்பதும் வரியைத் தள்ளிக் கொடுப்பதும் உண்டு. வசூலிக்காமல் விட்ட வரியும் பொதுச் செலவேயாகும். ரொக்கமாகக் கொடுபடாததால் அது பலருக்குப் புலப்படுவதில்லை.

உதாரணம்

2005-ம் வருஷத்தில் தமிழ்நாடு சர்க்கார் பின்லாந்து தேசத்து நோக்கியா கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் சிப்காட் நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. விற்பனை வரியைத் திருப்பித் தரவும் இசைவு ஏற்பட்டது. 2006-ல் கைபேசி உற்பத்தி தொடங்கியது. உச்ச நிலையில் சுமார் 8,000 பேர் நேரடியாக வேலை செய்தனர். இளம் பெண்கள் அவர்களில் மிகுதி. பின்னர் கம்பெனியின் வியாபாரம் சுருங்கிற்று. வரித் தகராறும் நேர்ந்தது. 2014-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி நோக்கியாவின் கைபேசித் தொழிலை வாங்கியபோது இவ்வாலை அதில் சேரவில்லை. அவ்வருஷம் நவம்பர் 1-ந் தேதி உற்பத்தி நின்றது. பிற்காலத்தில் வேறொரு கம்பெனி அவ்விடத்தை எடுத்துக்கொண்டதெனினும், முன் வேலையிழந்தவர்களின் இடைக்கால நஷ்டம் அதனால் ஈடாகவில்லை.

கணக்கிடும் முறை

ஓர் ஆலைக்குக் கொடுத்த சலுகை 80 கோடி ரூபாய், வேலை பெற்றோர் 8,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். வேலை ஒன்றுக்கு ஒரு லட்சம் ஆகிறது. அவ்வேலை 16 வருஷம் நிலைத்தால் வருஷச் செலவு 6,250 ரூபாய். 8 வருஷத்தில் நின்றால் 12,500 ரூபாய். சலுகையின்றியே அவ்வாலை வந்திருக்குமானால் கொடுத்தது முழுதும் வீண். பக்கத்து ஊர் ஆலையை மூடிவிட்டு இங்கே திறந்தால் புதிதாக உண்டான வேலை எதுவுமில்லை.

கவனிக்க வேண்டியவை

கூட்டுறவுச் சங்கம் அங்கத்தினருக்குச் சிறு கடன் கொடுக்கும்போதுகூட நோக்கம், ஜாமீன், தவணை ஆகியவற்றை விசாரிக்கிறது. கோடிக்கணக்கான சலுகைக்கும் இவ்விசாரணை அவசியம். எத்தனை வேலை, எத்தனை வருஷம், தவறினால் எவ்வளவு திருப்பித் தரவேண்டும் என்பவை ஒப்பந்தத்திலேயே இருத்தல் வேண்டும்.

இராஜ்யத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் காரியாலயம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. அதன் அறிக்கைகள் சட்டசபையில் வைக்கப்படுகின்றன, பொதுஜனங்களும் படிக்கலாம். எனினும் தணிக்கை, பணம் போனபின் வருவது. நிபந்தனையை முன்னரே எழுதாவிடில், நஷ்டத்தைக் கண்டறியலாமேயன்றி மீட்க இயலாது.

கேள்விகள்

1. வரியைத் தள்ளிக் கொடுப்பது ஏன் செலவாகும்?
2. 60 கோடி சலுகையில் 3,000 வேலைகள் 10 வருஷம் நிலைத்தால், வேலை ஒன்றுக்கு வருஷச் செலவு என்ன?